லைசென்ஸுக்கு வைத்த பொட்டு

இன்று காலை நகரியில் வழக்கமான டிபன் கடையில் இட்லி சாப்பிடும்போது ஃபுட் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"லைசென்ஸ் எக்கட?" எங்கே என்று தெலுங்கில் கேட்டார்.

கடைக்கார அண்ணன் சாமி படங்களைக் காட்டினார். பெருமாளுக்கும் முருகனுக்கும் நடுவே கண்ணாடிச் சட்டத்தில் லைசென்ஸ், மாலையோடு. முடியும் தேதியின் மேல் மட்டும் பெரிய குங்குமப் பொட்டு.

"அத்த தொடச்சிக் காட்டு."

"வெள்ளிக்கெழம சார், நான் அழிக்க மாட்டேன். நீங்களே அழிச்சிக்கினு பாருங்க."

இன்ஸ்பெக்டர் விரலை நீட்டினார். கடையே மெல்லுவதை நிறுத்தியது.

தொட்ட குங்குமத்தை நெற்றியில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு வரேன்" என்றார்.

"நாளைக்கு சனிக்கெழம, பெருமாள் நாளு சார்!"

வீட்டுக்கு வந்ததும் என் பைக் இன்சூரன்ஸ் காகிதத்துக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். எந்தக் கிழமையில் அழிக்கலாம் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லாதீர்கள்.