ஆறு மணிக்கு வருவேன்

அப்பாவின் நாற்காலி முப்பத்தொன்றாம் எண் இடத்தில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேரவன் கேம்ப் பொறுப்பாளர் மாரின் தொலைபேசியில் கேட்டார். அப்பா இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

"நீங்களே ஆபீஸ்ல எடுத்து வெச்சிடக் கூடாதா?" என்றேன்.

"நானா?" என்றார். "உங்க அப்பா சிரிலோட நாற்காலியையா?"

மாரிபோரிலிருந்து எல்லை தாண்டிப் போகும் பஸ் ஏறினேன். பிறகு படகு. கிரெஸ் தீவில் மருத்துவமனை வாசலில் அப்பாவின் கேரவன், உள்ளேயே படுத்துச் சமைத்துக்கொள்ளும் வண்டி, அவர் நிறுத்தியபடியே நின்றது. கோட்டுக்குள், நேராக, கைபிரேக் போட்டு. ஓட்டுநர் இருக்கை அவர் உயரத்துக்கு இருந்தது. என் உயரத்துக்கு மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

இறந்த அன்று மதியம் ஒன்று நாற்பதுக்கு அப்பா என்னை அழைத்திருக்கிறார். நான் கூட்டத்தில் இருந்தேன், எடுக்கவில்லை. மூன்று மணிக்கு அந்த மருத்துவமனையில் இதயம் நின்றுவிட்டது. மூன்றரைக்குத்தான் தவறிய அழைப்பைப் பார்த்தேன். போகப்போகிறோம் என்று தெரிந்து அழைத்தாரா? பதினோரு நாளாக எனக்கு இருந்த கேள்வி இது ஒன்றுதான்.

அப்பா முப்பத்து நான்கு ஆண்டுகள் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டில் இறங்கி வேலை செய்பவர் மின்சாரத்தை அணைத்து, சுவிட்சில் பூட்டுப் போட்டு, தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை மாட்டுவார். மாட்டியவர்தான் அதை எடுக்க வேண்டும். வேறொருவர் எடுத்தால் உள்ளே இருப்பவர் சாகலாம். நான் நீர்மின் நிலையத்தில் வேலை செய்கிறேன். எங்களுக்கும் அதே விதி. இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை. தேவைப்படவில்லை.

ஐம்பத்தைந்து வயதில் பழைய கேரவன் ஒன்று வாங்கினார். அம்மா பிரிந்து போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த வருடம் முதல் செப்டம்பர்தோறும் இந்த கேம்புக்கு வந்தார். இங்கே இடத்தை முன்பதிவு செய்ய முடியாது. காலியாக இருப்பதில் நிறுத்த வேண்டியதுதான். கேரவன்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல். ரொட்டி வாங்கப் போனாலும் வீடே கிளம்பிப் போய்விடும். பின்னால் வெறும் சரளைத் தரை.

முதல் வருடம் அப்பாவுக்கு அப்படி ஒரு சரளைத் தரை கிடைத்தது. நடுவில் ஒரு நீல வாளி கவிழ்ந்து கிடந்தது. யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்து அதைத் தண்ணீர்க் குழாயடியில் கொண்டுபோய் வைத்தார். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மின்கம்பியைச் செருகி, கூடார மறைப்பை இழுத்துவிட்டு, சூப் கொதிக்கவைத்தார். மாலையில் மழை. அந்த மழையில் ஒரு கேரவன் வந்து எதிரே நின்றது. ஒரு பெண் இறங்கினாள். மணிக்கட்டில் புதிய மாவுக்கட்டு. பாறையில் வழுக்கி விழுந்து, மருத்துவமனைக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தாள்.

அவள்தான் லெர்க்கா. வராஜ்தின் நகரில் தையல் கடை வைத்திருப்பவள்.

"என் வாளி எங்க?" இதுதான் அவள் அப்பாவிடம் பேசிய முதல் வார்த்தை. இடத்துக்கு ஆள் உண்டு என்பதற்கு அடையாளமாக அவள் கவிழ்த்துவிட்டுப் போனது அது.

அப்பா அந்த மழையிலேயே எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வெளியேறினார். சூப்பை அவளுக்கும் அவள் கணவருக்கும் கொடுத்துவிட்டார். பூட்டை உடைத்துவிட்டேன் என்று என்னிடம் தொலைபேசியில் சொன்னார். எந்தப் பூட்டு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அடுத்த வருடம் ஒரு பலகை செய்தார். கறுப்பு வண்ணம் பூசிய ஒட்டுப்பலகை. அதில் வண்டி எண், கீழே சாக்பீஸால் திரும்பும் நேரம். வெளியே போகும்போது அதை மடக்கு நாற்காலியில் கட்டி, நாற்காலியைப் பாதை பார்க்க வைப்பார். வாளி போதாது, வாளியில் ஆள் இருப்பது தெரியாது என்பார். மின்கம்பியை கேம்பின் மின்பெட்டியிலிருந்து கழற்றிவிடுவார். இல்லாத நேரத்தில் இன்னொருவருக்கு உதவட்டும். ஆபீஸில் பதியும் முன் நாற்காலியை இறக்கமாட்டார். பக்கத்து இடத்துக்கும் சேர்த்துத் துண்டு விரிப்பவர்களைப் பார்த்தால் அவருக்கு ஆகாது. ஒரு முறை நானும் உடன் வந்திருந்தேன். நாலரைக்குத் திரும்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டு, பலகையில் ஐந்தரை என்று எழுதினார்.

"எதுக்குப்பா ஒரு மணி நேரம் கூட?"

"முன்னாடி வந்தா யாருக்கும் நஷ்டமில்ல. லேட்டா வந்தா அப்புறம் நம்ம பலகைய எவன் நம்புவான்?"

கேம்புக்குள் வண்டியைத் திருப்பினேன். வாசலருகே புல்தரையில், மின்சாரம் இல்லாத இடத்தில், ஒரு ஹங்கேரிய வண்டி நின்றது. வயதான தம்பதி வெளியே உட்கார்ந்து தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார்கள். என் வண்டி எண்ணைப் பார்த்ததும் அந்த மனிதர் எழுந்து நின்றார். ஏன் என்று பிறகுதான் தெரிந்தது.

முப்பத்தொன்றில் நாற்காலி இருந்தது. பாதை பார்த்து. இருக்கையில் பைன் இலைகள். பலகையில் ஆறு மணி.

பக்கத்து இடத்திலிருந்து லெர்க்கா வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கணவர் போஜோ பின்னால் நின்று தொப்பியைக் கழற்றினார்.

"அந்த ஹங்கேரிக்காரர் அஞ்சு நாளா அங்கயே நிக்கிறார்," என்றாள் லெர்க்கா. "மொத நாள் வந்து, 'வெறும் சேர்தானே இருக்கு'ன்னார். சேர் இல்லைங்க, ஆளு. உட்கார்ந்திருக்கிறது உங்க கண்ணுக்குத் தெரியலன்னு சொன்னேன்."

"கண்ணு மட்டும் இல்ல, அவருக்குக் காதும் போயிருக்கும். அந்தக் கத்து கத்தினா," என்றார் போஜோ.

"நீங்க சும்மா இருங்க."

"மாரின் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"ரூல்படி ரெண்டு நாள்தான். மூணாம் நாள் எடுக்க வந்தான். நாற்காலி வரைக்கும் வந்தான். நின்னான். திரும்பிப் போயிட்டான்."

அன்று என்ன நடந்தது என்று கேட்டேன்.

"வாயுத் தொல்லை மாதிரி இருக்கு, ஆஸ்பத்திரி போய் மாத்திரை வாங்கிட்டு வரேன்னார். போஜோ கூட வரேன்னதுக்கு வேண்டாம்னுட்டார். உனக்குப் போன் போட்டார். நீ எடுக்கல. 'வேலையில இருப்பா, ராத்திரி பேசிக்கிறேன்'னார். மீன் வாங்கிட்டு வரட்டுமான்னு என்கிட்ட கேட்டார்."

லெர்க்கா நல்லவள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சேர்த்துச் சொல்லக்கூடியவள்தான். நான் நாற்காலி முன் குனிந்து பலகையைப் பார்த்தேன். சாய்ந்த ஆறு, இரண்டு புள்ளி, இரண்டு பூஜ்யம். அவர் கையெழுத்து. நடுக்கம் இல்லை. அழித்து எழுதியதும் இல்லை. இரண்டு மணிக்குப் புறப்பட்டிருக்கிறார். மருத்துவமனைக்கு இருபது நிமிடம். காத்திருப்பு, மாத்திரை, மீன். ஆறு என்று எழுதியிருந்தால் ஐந்துக்கு வருவதாக நினைத்திருக்கிறார். இந்தப் பலகையில் அவர் ஒருநாளும் பொய் எழுதியதில்லை.

அவருக்குத் தெரியாது. ராத்திரி பேசுவதாகத்தான் இருந்தார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். போஜோ தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மாட்டியவர் வர முடியாவிட்டால் அட்டையை யார் எடுப்பது என்பதற்கும் எங்கள் நிலையத்தில் விதி உண்டு. அவர் உள்ளே இல்லை என்பதை நேரில் உறுதி செய்துகொண்டவர் எடுக்கலாம். நான் உறுதி செய்திருந்தேன்.

பைன் இலைகளைத் தட்டிவிட்டு நாற்காலியை மடக்கினேன். பலகையை அழிக்கவில்லை. எழுத்து மேலே தெரியும்படி வண்டிக்குள் படுக்கையில் வைத்தேன். மாரின் வந்து, பதிவேட்டில் முப்பத்தொன்றுக்கு நேரே எழுதுவதற்கு முன் என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். ஹங்கேரிக்காரரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் உடனே வண்டியை எடுக்கவில்லை. நான் கிளம்பும்வரை காத்திருந்தார்.

ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு லெர்க்கா கேட்டாள். "எத்தன மணிக்கு வீடு போய்ச் சேருவ? சேர்ந்ததும் போன் போடணும். இல்லன்னா இவர் தூங்கமாட்டார்."

"நானா தூங்கமாட்டேன்?" என்றார் போஜோ.

படகு, சாலை, எல்லையோர நெரிசல் எல்லாம் கூட்டிப் பார்த்தேன். எட்டு மணி வந்தது.

"ஒம்பது மணிக்கு," என்றேன்.