தம்பியின் மாத்திரை

காவிரிப் பாலத்தின் நடுவில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது முதலில் விரல்கள் நடுங்கின. பிறகு வியர்த்தது. மார்கழிக் குளிரில் ஜாக்கெட் நனைகிற அளவுக்கு வியர்வை. பக்கத்து சீட்டுப் பெண் ஏதோ கேட்டாள். வாயைத் திறந்தேன், பேச்சு வரவில்லை. அதன் பிறகு நினைவில்லை.

கண் விழித்தபோது மருத்துவமனையில் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஹைப்போகிளைசீமியா (ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிப்போவது) என்றார்கள்.

"எத்தனை வருஷமாம்மா சுகர்?" என்று கேட்டார் டாக்டர்.

"எனக்கு சுகர் இல்லைங்க. பிரஷர் மட்டும்தான்."

என் கைப்பையை எடுத்துப் பார்க்கச் சொன்னார். நர்ஸ் இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்தாள். ஒன்று என்னுடைய ரத்தக்கொதிப்பு மாத்திரை. இன்னொன்று தம்பி செந்திலின் சர்க்கரை மாத்திரை. காலை அவசரத்தில் அவனுடையதை விழுங்கியிருக்கிறேன். அதோடு டிபனும் சாப்பிடவில்லை.

செந்திலுக்கு நாற்பத்தாறு வயது. பாலக்கரையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஊரார் போனுக்கெல்லாம் உயிர் கொடுப்பவனுக்குத் தன் போனில் ஒரு அலாரம் வைக்க நேரமில்லை. அட்டை அவனிடம் இருந்தால் மறந்துவிடுவான் என்று நானே வைத்துக்கொண்டேன். தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, கடையில் அவன் டிபன் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு ஆபீஸ் போவேன். எட்டு வருடம். அவன் மனைவி ஆரம்பத்தில் மாத்திரை போட்டாச்சா என்று கேட்டுப் பார்த்தாள். "அக்கா கொண்டாருவாங்க" என்பான். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். என் தலையில் விழுந்த வேலை என்று எல்லோரிடமும் புலம்புவேன். உண்மையில் நானேதான் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

மாத்திரையின் வேகம் அடங்கும்வரை இருக்கச் சொன்னார்கள். அப்போது எடுத்த பரிசோதனையில் என் சிறுநீரில் புரதம் கசிவது தெரிந்தது (ரத்தக்கொதிப்பு சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டதன் அடையாளம்). பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேனா என்று டாக்டர் கேட்டார். தம்பிக்கு ஒரு நாள்கூடத் தவறியதில்லை. எனக்கு எத்தனை நாள் தவறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"உங்க கிட்னிக்கு நீங்க மட்டும்தாம்மா இருக்கீங்க" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் செந்தில் வந்தான்.

"என்னக்கா, பாத்துப் போடக் கூடாதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டையை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

"இனிமே நீயே வச்சுக்கடா."

"மறந்துட்டேன்னா?"

"மறந்தா உன் ஒடம்புதான் கெடும். எனக்கு இதுக்கு மேல தெம்பு இல்ல."

அது துணிச்சலில் வந்த பேச்சு இல்லை. அவ்வளவு களைத்திருந்தேன்.

இதைப் படிக்கும் உங்கள் பையிலும் யாருடைய மாத்திரையாவது இருக்கலாம். திருப்பிக் கொடுத்தால் மனசு லேசாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்றாவது வாரம் அவன் மனைவி போன் செய்தாள்.

"கால்ல புண்ணு ஆறலை அண்ணி. சுகர் ஏறிடுச்சு போல. மாத்திரையே ஒழுங்கா போடலை."

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போய்விட்டேன். ஒரு பஸ் வந்தது, ஏறவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு அவனுக்கு போன் செய்து, "இன்னைக்கே டாக்டர்கிட்ட போடா" என்று மட்டும் சொன்னேன். மாலையில் அவனே போய் டோக்கன் போட்டுக் காத்திருந்தானாம். புண் ஆற இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் நான் சரியாகத் தூங்கவில்லை.

எனக்குக் கசிவு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. பஸ் பாலத்தில் ஏறினால் இன்னமும் விரல்களைப் பார்த்துக்கொள்கிறேன். காலைகள் இப்போது நீளமாக இருக்கின்றன. உட்கார்ந்து சாப்பிட நேரம் இருக்கிறது, அது எனக்கு இன்னும் பழகவில்லை.

இன்று செந்தில் மாத்திரை போட்டானா என்று தெரியாது. நான் போட்டுவிட்டேன்.