மூட முடியாத நினைவூட்டல்

அமெரிக்காவில் எங்கள் எடிசன் நகரத் தமிழர் வாட்ஸ்அப் குழுவில், இட்லி மாவு விற்பனைக்கும் ஊருக்குப் போகிறவர் பெட்டியில் இடம் கேட்ட செய்திக்கும் நடுவில் அது வந்தது: டாக்டர் ஸ்டெல்லா காலமானார். நான் பக்கத்து ஊரான ஐசலினில் காய்கறிக் கடைக்கு வெளியே காருக்குள் இருந்தேன். அதற்கு அடுத்து யாரோ மாவுக்கு ‘ஓகே’ போட்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. இதைப் பார்த்திருந்தால் அவர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார் என்று தோன்றியதும் அழுகை வந்துவிட்டது.

உங்களில் பலருக்கு அவர் ஸ்டெல்லா ஆன்ட்டி. நாகர்கோவில் மீன் குழம்பு, தேவாலயப் பாடகர் குழு, யார் வீட்டு விசேஷத்திலும் கடைசியாகக் கிளம்புகிற ஆள். எனக்கு ஆபீஸில் டாக்டர், வெளியே ஆன்ட்டி. அவர் வேலை பார்த்த மருத்துவக் குழுமத்தில்தான் நானும் கணினிப் பிரிவில் இருக்கிறேன். டாக்டர்கள் நோயாளியைப் பார்க்கும்போது எதிரே திறந்து வைத்திருக்கும் திரையைச் சரிசெய்து கொடுப்பதும், அது சரியில்லை என்று அவர்களிடம் திட்டு வாங்குவதும் என் வேலை. திட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அவருடைய கிளினிக்குக்கு வருபவர்களில் நிறையப் பேர் கறுப்பினத்தவர்கள். ஒரே கட்டடம், ஒரே டாக்டர்கள், ஒரே மருந்துகள். ஆனாலும் வெள்ளையருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்த அளவுக்கு அவர்களுக்கு வரவில்லை. அழுத்தம் ஏறியே இருந்தாலும், வரும்போதெல்லாம் டாக்டர்கள் அதே மாத்திரையை அதே டோஸில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அது பக்கவாதத்திலும் சிறுநீரகக் கோளாறிலும் போய் முடிவதை டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னிடம் கேட்டது எளிமையானதுதான். அழுத்தம் கூடுதலாக இருந்தும் மருந்து மாறாமல் இருந்தால் கணினி டாக்டருக்கு அதை நினைவூட்ட வேண்டும், பழைய அளவுகளையும் பக்கத்திலேயே காட்ட வேண்டும். டாக்டர் மருந்தை மாற்றலாம், அல்லது மாற்றாததற்குக் காரணம் சொல்லலாம். இரண்டும் செய்யாமல் அதை மூட முடியக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் எங்களுக்குள் சண்டை. திரையில் எது குதித்தாலும் மூலையில் மூடுவதற்கு ஒரு குறி இருந்தாக வேண்டும் என்பது எங்கள் தொழிலின் வழக்கம். இல்லையென்றால் சாபமெல்லாம் எங்கள் தலையில் விழும். சொல்லிப் பார்த்தேன்.

“க்ளோஸ் பண்ண வழி இருந்தா நாங்க க்ளோஸ் பண்ணிருவோம், மக்களே. டாக்டர்ஸைப் பத்தி உனக்குத் தெரியாது” என்றார். எதிரே ஒரே ஆள் என்றாலும் நாகர்கோவில்காரருக்கு ‘மக்களே’தான்.

கறுப்பின நோயாளிகளுக்கு மட்டும் வந்தால் போதுமா என்று கேட்டதற்கும் திட்டு விழுந்தது. “எல்லாப் பேஷன்ட்டுக்கும் ஒண்ணு போல வரணும். ஆளப் பாத்து முடிவு பண்றதுதானே இங்க வியாதியே.”

அந்த வருடப் பொங்கல் விருந்தில் ஓர் அங்கிள், அந்த ஏரியாவிலா கிளினிக், பயமாக இல்லையா என்று அவரிடம் கேட்டார். “அவங்க பி.பி.ய நெனச்சாதான் பயமா இருக்கு” என்றார் ஆன்ட்டி. அங்கிள் விடவில்லை. அவர்கள் மாத்திரையே ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்களாமே என்றார். ஆன்ட்டி அவர் தட்டிலிருந்த வடைகளைப் பார்த்தபடி, “நீங்க இன்னைக்கு உங்க டேப்லெட் எடுத்தாச்சா?” என்று கேட்டார். அங்கிள் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி இல்லை என்று தலையாட்டினார். அந்த அங்கிளும் இதைப் படிப்பார். கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

நினைவூட்டலை ஓடவிட்ட புதிதில், அது எப்படிப் போகிறது என்று பார்க்க நாங்கள் டாக்டரின் அறையில் ஓரமாக உட்காருவது உண்டு, நோயாளியிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான். ஒரு நாள் டாக்டர் ஸ்டெல்லாவின் அறையில் இருந்தேன். அன்று வந்தவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், கறுப்பினத்தவர். பெயரைச் சொன்னால் டாக்டர் எழுந்து வந்து திட்டுவார். நர்ஸ் அளந்து பதிந்த அழுத்தம் கூடுதலாக இருந்ததால் திரையில் நினைவூட்டல் வந்தது. அவர் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை, அதற்குள் டாக்டரின் கை, மருந்தை மாற்றாததற்குத் திரை காட்டிய காரணங்களில் ஒன்றை அழுத்திவிட்டது: மாத்திரை ஒழுங்காக எடுப்பதில்லை.

அழுத்திய பிறகுதான் டாக்டருக்குத் தான் செய்தது உறைத்தது. மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியைத் திருப்பி, மாத்திரையைத் தினமும் எடுக்கிறீர்களா என்று அவரையே கேட்டார். தினமும் காலை உணவோடு எடுப்பதாக அவர் சொன்னார். இத்தனை வருடத்தில் இதை யாரும் தன்னைக் கேட்டதில்லை என்பதையும் கோபமில்லாமல் சொன்னார். டாக்டர் மன்னிப்புக் கேட்டார். மருந்துக் கடையில் விசாரித்தபோது மாத்திரையை மாதம் தவறாமல் வாங்கியிருந்ததும் தெரிந்தது. மருந்துதான் அவருக்குப் போதவில்லை. டாக்டர் இன்னொரு மருந்தும் சேர்த்துக் கொடுத்தார்.

அவர் போனதும் டாக்டர் என் பக்கம் திரும்பினார். “அந்த அங்கிளைக் கிண்டல் பண்ணினேன்ல? நானும் அதே ஆளுதான்” என்றார். அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சில வாரங்களில், நினைவூட்டலை நிறுத்திவிடலாம் என்று நிர்வாகம் கூட்டம் போட்டது. நேரம் போகிறது, எரிச்சலாக இருக்கிறது, யாரும் இங்கே ஆள் பார்த்து வைத்தியம் செய்வதில்லை என்று டாக்டர்கள் வரிசையாகச் சொன்னார்கள். டாக்டர் ஸ்டெல்லா யாரையும் மறுத்துப் பேசவில்லை. ஓட்டுநர் வந்த அன்று தன் கை செய்ததை ஒன்று விடாமல் சொன்னார். இந்தத் திட்டத்தைக் கேட்டு வாங்கிய ஆளின் கையே அப்படிப் போகிறது என்றால், உங்கள் கைகளையும் ஒருமுறை பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். நினைவூட்டல் நின்றுவிடாமல் தொடர்ந்தது. கறுப்பின நோயாளிகளுக்கும் நேரத்தோடு மருந்து மாறத் தொடங்கியது. இடைவெளி முழுவதும் போய்விடவில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. அதைச் சொன்னபோது, “சந்தோஷம். மிச்சம் ஏன் போகல?” என்றார். பாராட்டினால் அவரிடம் கிடைப்பது அவ்வளவுதான்.

போன வாரம் நிர்வாகத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. டாக்டர்தான் இல்லையே, இனி வேண்டாதவர்கள் மூடிக்கொள்ளும்படி மாற்றிவிடலாமா என்று மிக மரியாதையாகக் கேட்டார்கள். அடக்கம் முடிந்து பூக்கள்கூட வாடியிருக்காது. முடியாது என்றேன். இப்படி ஒரு சொல் என் வாயிலிருந்து அங்கே வந்ததில்லை. கூட்டம் வைக்கிறோம், வந்து காரணம் சொல்லுங்கள் என்றார்கள்.

அவருடைய மீன் குழம்பின் பக்குவம் எனக்கு வரவில்லை, பாட்டும் வராது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பிடிவாதம். இதுவரை கூட்டங்களில் அவர் பேசுவார், நான் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வரும் செவ்வாய்க்கிழமை நான் பேசுகிறேன். குரல் நடுங்கும், அது எனக்குத் தெரியும். நடுங்கிக்கொண்டே சொல்லிவிடுவேன்.