அசையாமல் உட்காரும் வேலை

வலது தோள்பட்டை பிசகிய பிறகு என்னை யாரும் மீன்பிடி போட்டுக்குக் கூப்பிடவில்லை. எங்கள் தீவில், டாலிகஞ்சில் மளிகைக்கடை வைத்திருப்பவர்தான் இந்த வேலையைச் சொன்னார். படம் வரையப் பழகுகிறவர்கள் முன்னால், இடுப்பில் ஒரு துண்டோடு, இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். கூலி உண்டு.

கராச்சர்மாவில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி மீன் அரிவதை நிறுத்திவிட்டாள்.

“சும்மா உக்காந்தா எவன் காசு தருவான்? துணிய வேற அவுக்கணுமாம். கிட்னி எடுக்கிற கூட்டமா இருக்கும். நானும் வாரேன்.”

எனக்கும் பயம்தான். போட்டோ பிடித்து கடல் தாண்டி மெயின்லேண்டில் எவனுக்காவது அனுப்பிவிட்டால்? கோவிலில் பூசைக்கு எந்த முகத்தோடு போவேன்?

ஞாயிறு மதியம் இருவரும் பஸ் ஏறினோம். மாடி வீடு ஒன்றில் ரிட்டயரான வங்காளி டிராயிங் டீச்சர் கதவைத் திறந்தார். என் மனைவி நேரே உள்ளே போய் பாத்ரூம், பீரோவுக்குப் பின்புறம், திரைச்சீலை எல்லாவற்றையும் பார்த்தாள். டீச்சர் கொடுத்த டீயை அவளும் குடிக்கவில்லை, என்னையும் குடிக்க விடவில்லை.

“மொபைல் சப் இதர் தோ” என்று தெரிந்த இந்தியில் எல்லாருடைய போனையும் கேட்டு முந்தானையை விரித்தாள். வரைய வந்த ஆறு பேரும் மறுபேச்சில்லாமல் போன்களை அதில் போட்டார்கள்.

சட்டையைக் கழற்றி, துண்டோடு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் ‘க்ளிக்’ என்று சத்தம். மனைவி பாய்ந்தாள்.

“ஏய், க்யா கியா? என்ன பண்ணுன? கையைக் காட்டு!”

கண்ணாடி போட்ட ஒருவர் இரண்டு கைகளையும் தூக்கினார். ஒன்றில் பென்சில், மற்றதில் அதைச் சீவ அப்போதுதான் பிளேடைத் தள்ளிய கட்டர். “பென்சில், தீதி” என்று அக்கா முறை வைத்துச் சொன்னார், பாவம்.

அவள் நம்பாமல் அவர் தாளை எட்டிப் பார்த்தாள். பிறகு அடுத்தவர் தாளை. ஒவ்வொன்றாக ஆறையும் பார்த்துவிட்டு, அன்று முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். அதுவரை மற்றவர்களைத்தான் கண்காணித்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் ஒரு தோள எறக்கியே போட்டுருக்காங்க. வலி போயிருச்சு, அடுத்த மாசம் கடலுக்குப் போறேன்னு சொன்னீங்களே?”

தோள் பிசகிய நாளிலிருந்து வீட்டில் நான் பனியனைக் கழற்றியதே இல்லை. அசையக்கூடாது என்ற சாக்கில் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் எனக்கு டோக்கன் போட அவளே போய் வரிசையில் நின்றாள்.