அம்மா பதில் சொல்லாத பெயர்

மெல்பேர்னின் நோபல் பார்க்கில் நாங்கள் குடியிருந்த காலத்தில், மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைகளில் என் அம்மாவுக்கு வேறொரு பெயர் இருந்தது. காலையில் தேவாலய மண்டபத்துக் குசினிக்குள் நுழைந்தது முதல் மாலையில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்க்கும்வரை அவரை எவரும் சொந்தப் பெயரால் அழைக்கமாட்டார்கள். அவரும் எவரையும் அப்படி அழைக்கமாட்டார்.

மன்னார்க் கரையோரத்து ஊரொன்றின் பெண்கள் சிலர் மெல்பேர்னில் கூடி அமைத்த தாய்வழிச் சங்கத்தின் விதி அது. அதில் சேர விரும்புபவள் தன் தாய், தாயின் தாய், அவளுடைய தாய் என்று ஏறிச் சென்று, ஊரின் பழைய குடும்பங்களுள் ஒன்றைத் தொட்டுக் காட்டவேண்டும். முன்னோரை நினைவுகூர அவர்கள் படம் மாட்டவில்லை, மாலை போடவில்லை. தங்கள் உழைப்பைக் கொடுத்தார்கள். இறந்துபோன பெண்ணொருத்தியின் பெயரை ஒருத்தி அன்றைக்கு ஏற்றுக்கொள்வாள். அவள் அரிவதும் அரைப்பதும் சுமப்பதும் அந்த இறந்தவள் செய்ததாகவே கொள்ளப்படும். படகில் வந்து, வேலை செய்ய அனுமதியின்றி விசாவுக்குக் காத்திருந்தவர்களின் வீடுகளுக்குச் சோறு போகும். பெற்றுக்கொள்பவர் யாருக்காக என்று கேட்பார். இறந்தவளின் பெயரைச் சொல்லவேண்டும். அவர் அவளுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒரு மன்றாட்டுச் சொல்லிவிட்டுச் சோற்றை வாங்கிக்கொள்வார்.

ஓரிடத்தில் இருக்கத் தெரியாத ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல விளையாட்டு வேறு எங்கே கிடைக்கும்? வங்கியில் வேலை பார்த்த இளம்பெண்ணைப் பார்த்து, "செபமாலை ஆச்சி, வெங்காயம் உரிச்சாச்சோ?" என்று ஒருவர் கேட்பார். "கண் தெரியேல்ல மோனை, செத்து அறுபது வருசமெல்லே," என்று அவள் பதில் சொல்வாள். குசினி முழுவதும் சிரிக்கும்.

அம்மா வழக்கமாகத் தம் அம்மம்மாவின் தாயான பூட்டியின் பெயரையே ஏற்றுவந்தார். அந்த ஆண்டு சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து ஓர் உறவினர் மெல்பேர்னுக்குக் குடிவந்தார். அதே பூட்டியின் மூத்த மகள் வழியில் வந்தவர் என்பதால் பெயர் அவருக்கு உரியதாயிற்று. அம்மா பெயரில்லாமல் நின்றார்.

கிளென் வேவர்லியிலிருந்து வரும் சங்கத் தலைவி அன்ரி அதற்கு ஒரு வழி கண்டிருந்தார். பெயர் எழுதிய துணிப்பட்டியை ஏப்ரனில் குத்திவிடுவது அவருடைய பொறுப்பு. அன்று காலை அம்மாவைச் சன்னலோரம் அழைத்துப் போய், பட்டியை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். பெரியம்மாவின் பெயர்.

பெரியம்மா அம்மாவுக்கு ஒரேயொரு அக்கா. போரின் கடைசி மாதங்களில் சனத்தோடு சனமாக நடந்து போனவர். அதன்பின் அவரைக் கண்டவர் எவருமில்லை. எங்கள் வீட்டில் அவரைப் பற்றிய பேச்சு எப்போதும் நிகழ்காலத்திலேயே நடக்கும். அக்காவுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது, அக்கா வெயிலில் நடந்தால் தலையிடிக்கும் என்பார் அம்மா. எனக்கு அவர் கனடாவிலிருந்த உறவினர்களைப் போன்றவர்தான். தொலைபேசி எடுக்காதவர், அவ்வளவே.

"நாலு வருசமாச்சு," என்றார் தலைவி அன்ரி தாழ்ந்த குரலில். "அவவுக்கெண்டு ஒரு செபம் சொல்ல ஆர் இருக்கினம்? என்ர தம்பிக்கும் இப்பிடித்தான், கனகாலம் பாத்திட்டுப் பூசை குடுத்தனான். மனம் ஆறும், பிள்ளை."

அம்மா பட்டியை வாங்கினார். ஏப்ரனில் குத்தாமல் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மீன் கழுவப் போனார். பூட்டியின் பெயர் பறிபோன கோபத்தில் அம்மா முகத்தை நீட்டிக்கொண்டிருப்பதாக நான் முடிவுசெய்தேன். பெரியவர்களும் விளையாட்டில் முரண்டுபிடிப்பார்கள் என்பது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது.

சற்று நேரத்தில் தொல்லை தொடங்கியது. மீன் குழம்பு அம்மாவின் பொறுப்பு. மறு அடுப்பில் பருப்புக் கிண்டிக்கொண்டிருந்த தலைவி அன்ரி, பெரியம்மாவின் பெயரைச் சொல்லி, "பழப்புளி விட்டாச்சோ?" என்று கேட்டார். அம்மா சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரி மீண்டும் கேட்டார். பதிலில்லை. அம்மா வெளியே கறிவேப்பிலை கழுவப் போன வேளையில், விடவில்லை போலும் என்று எண்ணிய சிட்னிக்காரர் ஒரு கிண்ணம் புளிக்கரைசலை ஊற்றிவிட்டார். அம்மா ஏற்கெனவே விட்டிருந்தார்.

"கூப்பிட்டா ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னா என்ன?" என்றார் சிட்னிக்காரர், அகப்பையை நாக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தபடி.

"செத்த ஆளைக் கூப்பிட்டா எங்கேயப்பா பதில் வரும்?" என்றாள் வங்கிப்பெண். எந்தச் சனிக்கிழமையும் சிரிப்பை வரவழைத்திருக்கக்கூடிய பகிடி அது. அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. அவளே உதட்டைக் கடித்துக்கொண்டு வெங்காயத்தின்மேல் குனிந்தாள்.

சொந்தப் பெயரால் அழைக்க விதி இடம்கொடுக்கவில்லை. இட்ட பெயருக்கு அம்மா இடம்கொடுக்கவில்லை. அடுப்புகளோ எரிந்துகொண்டிருந்தன. அப்போதுதான் தலைவி அன்ரியின் பார்வை என்மேல் விழுந்தது. அந்தக் குசினியில் அம்மாவை எந்த விதியும் மீறாமல் கூப்பிடக்கூடிய ஒரே ஆள் நான்.

"போய்க் கேள் பிள்ளை, சோத்துப் பெட்டியளுக்கு மூடி எங்க வச்சவ எண்டு."

ஓடினேன். "அம்மா, மூடி எங்கயாம்?"

"கீழ்த்தட்டில எண்டு சொல்லு."

திரும்பி ஓடினேன். குழம்புக்கு இன்னும் தேங்காய்ப்பால் விட்டால் புளிப்பு அடங்குமா, அப்பளம் இப்போது பொரிக்கவா பிறகா, கார்ச் சாவி யாரிடம் என்று எல்லாக் கேள்விகளும் என் கால்களில் ஏறிப் போயின. பதில்கள் அவற்றிலேயே திரும்பி வந்தன. நான்கு எட்டுத் தொலைவில் நிற்கும் இருவருக்கிடையே மூச்சிரைக்க ஓடினேன். என் வாழ்வில் அதுவரை எவரும் என்னை ஓடச் சொன்னதில்லை. இரு என்றுதான் சொல்லியிருந்தார்கள். அன்று அந்தக் குசினியில் என்னைவிட வேண்டப்பட்டவர் ஒருவருமில்லை. அம்மாவின் கோபம் மாலைவரை நீடிக்கவேண்டும் என்றுகூட விரும்பினேன்.

நண்பகலில் பெட்டிகளைத் தலைவி அன்ரியின் காரில் ஏற்றினோம். அம்மா முன்னிருக்கையில் அமர்ந்து ஏப்ரனின் நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். அன்ரி ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வாசலில் ஒரு பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அங்கே நான் ஓட இடமில்லை. அது எனக்கும் விளங்கியிருந்தது. அம்மா இனி விட்டுக்கொடுத்துப் பெரியம்மாவின் பெயரைச் சொல்லிவிடுவார், ஆட்டம் முடிந்துவிடும் என்று நினைத்து வருந்தினேன்.

நாங்கள் போய் நின்ற வீட்டில் ஏழெட்டு ஆண்கள் சேர்ந்திருந்தார்கள். கதவைத் திறந்தவர் நரைத்த தாடிக்காரர். உள்ளே திரும்பி, "சாப்பாடு வந்திட்டுது, வாங்கோடா," என்றார். மற்றவர்கள் வந்து வரிசையாக நின்றார்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"ஆருக்காகத் தங்கச்சி?" என்று தாடிக்காரர் கேட்டார்.

அம்மா பெட்டிகளைத் தாங்கியபடி நின்றார். தலைவி அன்ரியின் கை என் தோளில் இருந்தது. பின்பு அம்மா ஒரு பெயரைச் சொன்னார், தெளிவாக, முழுப் பெயராக. அது பெரியம்மாவின் பெயரன்று. பூட்டியின் பெயருமன்று. அம்மாவின் சொந்தப் பெயர்.

நான் அன்ரியின் கையைப் பிடித்திழுத்து, "அன்ரி, அது அம்மான்ர பேர். உயிரோட இருக்கிற ஆக்களின்ர பேர் சொல்லக் கூடாதெல்லே?" என்று காதோடு கேட்டேன்.

அந்த விதியை வகுத்தவர் அவரே. "பேசாம இரு, பிள்ளை," என்றார். பின்பு முக்காடிட்டுத் தலை குனிந்தார்.

தாடிக்காரர் அம்மாவின் பெயரைச் சொல்லி, அந்த ஆன்மாவுக்கு இளைப்பாற்றி அருளும்படி மன்றாடினார். ஏழெட்டு ஆண் குரல்கள் ஆமென் என்றன. அன்ரியும் சொன்னார். தமக்காக நடந்த இறந்தோர் மன்றாட்டை அம்மா கண்ணை மூடாமல் நின்று கேட்டார். அவர் முகத்தில் அன்று முழுவதும் இருந்த இறுக்கம் மெல்லத் தளர்ந்ததை நான் பார்த்தேன்.

"உங்களுக்கு என்ன முறை, தங்கச்சி?" என்று பெட்டிகளை வாங்கியபடி கேட்டார் தாடிக்காரர்.

"கிட்டின சொந்தம்," என்றார் அம்மா. "குழம்பில புளி கொஞ்சம் கூடிப்போச்சு, அண்ணை. குறை நினையாதேங்கோ."

திரும்பும் வழியில் அன்ரி, ரயில் பாதையைக் கடக்கக் காத்துநின்றபோது, மாலையாவதற்கு இன்னும் நேரமிருந்தும், அம்மாவை அவருடைய சொந்தப் பெயரால் கூப்பிட்டார்.

"என்ன அக்கா?" என்றார் அம்மா உடனே.

"ஒண்டுமில்லை," என்றார் அன்ரி.

அம்மாவின் அந்த இரண்டு சொற்களில், கேள்வி சுமந்தோடும் என் அலுவல் பறிபோயிற்று. அதைக்காட்டிலும் பெரிதாக வேறொரு கலக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. இறந்தவர்களுக்குச் சொல்லும் மன்றாட்டை அம்மாவுக்குச் சொல்லிவிட்டார்கள். அதற்கு ஆமென் என்றும் சொல்லிவிட்டார்கள். இனி என்ன நடக்கும்? அதன்பின் பல நாள் அம்மாவை என் கண்ணிலிருந்து விலக விடவில்லை. குப்பை வாளியை வீதிக்குத் தள்ளிப் போனாலும் பின்னால் போனேன். அவர் குளிக்கப் போனால் கதவடியில் உட்கார்ந்துகொண்டேன். நீர் விழும் ஓசையில் பயம் மூண்டதும், "அம்மா" என்று கூப்பிடுவேன்.

"ஓம், இருக்கிறன்," என்று உள்ளிருந்து குரல் வரும்.

அது எனக்குப் போதுமாயிருந்தது; எழுந்து விளையாடப் போய்விடுவேன். அந்த ஒரு சொல்லுக்காகவே அம்மா நான்கு ஆண்டுகளாக இன்னொரு கதவின் முன் காத்திருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.