மாலைக்கு ஒரு கருமணி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, அதுவும் பர்மியப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் கற்றுக்கொண்டதுதான். இப்போது மறதி வேறு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய புயல் அடித்ததற்கு முந்தின வருஷம் என்று நினைக்கிறேன். பர்மாவில் தாமுவே என்ற பேட்டையில் ஒரே அறையில் நானும் என் மகளும் இருந்தோம். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மகள் போய்க்கொண்டிருந்த தையல் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். இங்கே ராணுவ ஆட்சி நடப்பதால் இந்த நாட்டுச் சட்டையை வாங்குவது பாவம் என்று வெளிநாட்டில் சொல்கிறார்களாம். சட்டை தைத்தவள் ராணுவம் இல்லையே. இதை யாரிடம் போய்ச் சொல்வது? அதற்குள் மலேசியாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு ஒருவன் அவளுக்குப் பாஸ்போர்ட்டே எடுத்துவிட்டான்.

"இங்க நிலையா ஒரு வேலை கெடைச்சா நான் ஏம்மா போறேன்?" என்றாள் மகள்.

அந்த நேரத்தில்தான் சயாமா வந்தார். சயாமா என்றால் பர்மியத்தில் டீச்சர். படித்த பெண்களை எல்லாம் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். இவர் ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் வேலை பார்த்தவர். அந்த அம்மா முன்பு ஆப்பிரிக்காவில் கானா என்ற நாட்டில் குடியிருந்தவராம். அங்கே பெண்கள் பழைய பாட்டில்களை இடித்துத் தூளாக்கி, மண் அச்சில் கொட்டிச் சுட்டு மணி செய்கிறார்கள். மூட்டை மூட்டையாக அந்த மணியை இங்கே கொண்டுவந்திருந்தார். நாங்கள் மாலையாகக் கோர்த்துக் கொடுத்தால் அவருடைய ஊர்க் கடையில் விற்பார்கள். கோர்க்கிற கூலி எங்களுக்கு, மணிக்கு விலை கானாப் பெண்களுக்கு. இரண்டு ஊர் ஏழைகளும் பிழைப்பார்கள் என்றார் சயாமா. முதல் மாலைகள் விற்றால் மாதாமாதம் வேலை என்றும் சொன்னார்.

மகள் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டாள். நான் அன்று கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டேன்.

எங்கள் அறையில்தான் கோர்த்தோம். எதிர்வீட்டு அக்கா, அவருடைய மருமகள், இன்னும் இரண்டு பேர். பாய் நிறைய மணி. பாசிப்பச்சை, நீலம், மஞ்சள், எல்லாவற்றிலும் புள்ளியும் கோடும். எதிர்வீட்டு அக்காவுக்கு வாய் ஓயாது.

"யாரும் காணாத ஊருங்கிறதாலதான் கானான்னு பேரு வச்சிருக்காங்களாக்கும்" என்பார்.

"நீங்க பக்கத்துல இருக்கிற பசுந்தாங்கையே ஒழுங்காக் கண்டதில்ல, வந்துட்டீங்க" என்று மருமகள் குத்துவாள்.

சயாமா ஒரு படம் கொடுத்திருந்தார். அதில் ஒரு கானாத் தாய் மடியில் கைக்குழந்தை. குழந்தையின் இடுப்பில் ஒரு மணிச்சரம்.

"அடியாத்தி, அரைஞாணு! அவங்களும் நம்மாளுங்கதான்டி" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு அந்த மணிகள் எங்களுக்கு யாரோ சொந்தக்காரர் வீட்டுச் சாமான் போல ஆகிவிட்டன. முதல் மாலை முடிந்ததும் அக்கா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இம்புட்டு அழகா இருந்தா கண்ணு பட்டுரும்" என்றவர், பசுந்தாங் சந்தையில் தாலிச் சரத்துக்காக வாங்கி வைத்திருந்த கருமணியை எடுத்துவந்து, கொக்கிக்குப் பக்கத்தில் ஒன்றைக் கோர்த்தார்.

"மாதிரியில அது இல்லையேக்கா" என்றாள் மகள்.

"மாதிரிக்கு என்னாடி தெரியும்? புள்ளைக்கு மை வக்கிறப்ப அதுக்கிட்ட கேட்டா வக்கிறோம்?"

எல்லோரும் சிரித்தோம். எல்லா மாலையிலும் ஒரு கருமணி ஏறியது. கழுத்தில் போடுகிற முகம் தெரியாத பெண்ணுக்கும், செய்த பெண்ணுக்கும் நல்லது என்றுதான்.

மாலைகள் கப்பலில் போயின. பல வாரம் கழித்து சயாமா ஒரு மாலையோடு திரும்பி வந்தார். கடையில் கட்டிய ஒரு சீட்டு மாலையில் தொங்கியது. இதில் உள்ள ஒவ்வொரு மணியும் கானாப் பெண்கள் கையால் செய்தது என்று அதில் எழுதியிருக்கிறதாம். சயாமா கருமணியை நகத்தால் தட்டிப் பர்மியத்தில் கேட்டார்.

"இது அவங்க செஞ்சது இல்ல. எதுக்குப் போட்டீங்க?"

எனக்கு அந்நியர் முன்னால் வாயே திறக்காது. பர்மியம் நன்றாகப் பேசுகிறவள் என் மகள்தான். திருஷ்டிக்குப் பர்மியத்தில் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்து, "மியெச்சி மகாவுங்" என்றாள். கண் நல்லதில்லை என்று அர்த்தம்.

சயாமாவின் முகம் மாறியது. ஐயோ பாவம் என்பது போல எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த தடவை மணி வரவில்லை. ஆளுக்கொரு மூக்குக்கண்ணாடி வந்தது.

எங்களுக்குக் கண் தெரியாமல் கலப்படமாகிவிட்டது என்று சயாமா சொன்னாராம். வெள்ளைக்கார அம்மா கண் கலங்கிவிட்டாராம். பார்வை மங்கிய பெண்களிடம் நுணுக்கமான வேலை வாங்குவது கொடுமை, இனி அவர்களைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று சொல்லி, மீதி மூட்டைகளை வேறு ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார். அத்தனை நல்ல மனசு.

மகள் விடவில்லை. பொறாமை, பார்வை, குழந்தைக்கு மை என்று ஒவ்வொன்றாகக் கையைக் காட்டி விளக்கினாள். சயாமாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகு இன்னும் தணிந்த குரலில் சொன்னார்:

"கண்ணு தெரியாமப் போட்டதுன்னா இரக்கப்படுவாங்க. தெரிஞ்சே போட்டதுன்னா ஏமாத்தினதாச் சொல்வாங்க. கானாப் பெண்களோட சரக்கையும் கடைக்காரங்க சந்தேகப்படுவாங்க. மயாபூ."

மயாபூ என்றால் ஆகாது. எங்கள் ஊரில் எந்த அலுவலகத்திலும் முதலில் காதில் விழுகிற சொல் அதுதான்.

"கருமணிய உருவிட்டுத் திரும்பக் கோத்துத் தர்றோம்" என்று மகள் கேட்டாள். சயாமா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அன்று சாயங்காலமே மகள் ஏஜெண்டைப் பார்க்கப் போனாள். நான் தடுக்கவில்லை. எதைச் சொல்லித் தடுப்பது? மிங்கலாடோன் விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையைக் காட்டினாள். மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாள். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது, அவன் தரும்போதுதான் வரமுடியும் என்கிறாள். அவன் தருவான் என்று நான் இப்போது நினைப்பதில்லை. அவளும் வருகிறேன் என்று சொல்வதை விட்டுவிட்டாள். போன் கிடைக்கிற கொஞ்ச நேரம் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பதிலேயே போய்விடுகிறது. இந்த விஷயங்களை அவளிடம் எங்கே கேட்பது.

அதனால் அப்போது எங்களோடு உட்கார்ந்து கோர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வருஷமும் வார்த்தையும் சரிதானா என்று பார்த்துத் திருத்திக் கொடுங்கள். எங்களால் கானாப் பெண்களுக்கும் வேலை நின்றுபோனதா என்று தெரிந்தவர்கள் இருந்தால், அதையும் விசாரித்து எழுதுங்கள்.