பத்துக் கேள்விகளும் ஒரு கழுகும்

திண்டுக்கல்லில் ஒரு டீக்கடையில் நாலு பேர் நின்றால் இரண்டு பேர் வீட்டுத் தரகர். மூன்றாவது ஆள் தரகருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். நாலாவது ஆள் டீ குடிக்க வந்தவர்தான், ஆனால் அவர் கையிலும் வீடு வாங்க ஒரு பார்ட்டி இருக்கும். எங்கள் வீட்டை விற்க வேண்டி வந்த அந்த மூன்று மாதத்தில் இந்த இனத்தை நான் கிட்டத்தில் பார்த்தேன். பொய் சொல்வதைக்கூட ஒழுங்காகப் படிக்காதவர்கள் என்பதுதான் என் முடிவு.

வீட்டின் கதை சிறியது. பழனி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாடி வீடு. அப்பா அய்யலூர்ச் சந்தையில் ஆடு பிடித்துப் பிரியாணிக் கடைகளுக்குக் கொடுப்பவர். கடன் சொல்லி வாங்கிக்கொண்டிருந்த இரண்டு கடைகள் அடுத்தடுத்து மூடின. வீட்டுக்கடன் தவணை நின்றது. வட்டி வளர்ந்து, வீட்டை விற்றாலும் அடையாத அளவுக்குப் பாக்கி ஏறியது. வங்கிக்காரர்கள் வந்து முன்சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அடுத்தது ஏலம்.

வீடு போவது பற்றி எனக்குப் பெரிய துக்கம் இல்லை. துக்கம் அத்தையைப் பற்றி. அப்பாவின் அக்கா. கன்னிவாடிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு, அவரைப் பந்தல், அவ்வளவுதான் அத்தையின் உலகம். கடனுக்கு ஜாமீன் கையெழுத்து அத்தை போட்டது. தம்பி நீட்டிய இடத்தில் போட்டது. ஏலத்தில் வீடு அடிமாட்டு விலைக்குப் போனால் மிச்சப் பாக்கிக்கு வங்கி அந்தத் தோட்டத்துக்குத்தான் வரும். தினமும் சாயங்காலம் அத்தையிடமிருந்து போன் வரும். நலமா, சாப்பிட்டாயா எதுவும் கிடையாது.

"அப்பு, என் தோட்டத்துக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல அத்தை."

போனை வைத்துவிடுவார்.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. ஏலத்துக்கு முன்னால் நாமே ஆள் பிடித்து வீட்டை விற்று, வருகிற பணம் முழுவதையும் வங்கியிடம் கொடுத்து, குறைந்தாலும் இதோடு கணக்குத் தீர்ந்தது என்று எழுதி வாங்குவது. எங்களுக்கு ஒரு ரூபாய் மிஞ்சாது, அத்தையின் தோட்டம் மிஞ்சும். ஏலத் தேதி போடுவதற்குள் முடிக்க வேண்டும். வங்கியிடம் பேசத் தெரிந்த தரகர் வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான். தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார். அதனால் தரகரைத் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் ஒரு நோட்டில் பத்துக் கேள்விகள் எழுதிக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். இப்படி விற்ற வீடு எதையாவது காட்ட முடியுமா, வங்கியில் யாரிடம் பேசுவீர்கள், கமிஷன் யார் தருவது, இப்படிப் போகும். எழுதி முடித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. எத்தனை மடத்தனமான மரியாதை.

முதலில் வந்தவர் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி. பையில் ஒரு போன், கையில் ஒரு போன். உட்காரும் முன்பே வீட்டை விற்றுவிட்டார்.

"முடிஞ்சிருச்சுன்னு வச்சுக்கங்க தம்பி. சிங்கப்பூர் பார்ட்டி துட்டோட காத்துக்கிட்டு இருக்காப்ல."

"பேங்குல யாருகிட்டப் பேசுவீங்க?" என்றேன். இரண்டாம் கேள்வி.

"மேனேஜர் நம்ம ஆளு."

"எந்த பேங்குன்னு நான் இன்னும் சொல்லலையே."

அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "எந்த பேங்கா இருந்தா என்ன தம்பி? எல்லா மேனேஜரும் நம்ம ஆளுகதேன்."

பிறகு அப்பாவின் பக்கம் சாய்ந்து, வங்கிக்குக் குறைந்த விலை காட்டலாம், மிச்சத்தைத் தனியாகக் கையில் வாங்கிக்கொள்ளலாம் என்றார். அது மோசடி என்றும், மாட்டினால் அத்தை தெருவில் நிற்பார் என்றும் வகுப்பில் சொல்வதுபோல் விளக்கினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "படிச்ச பிள்ளைய வீட்ல வச்சுக்கிட்டு யாவாரம் பண்றது செரமம்ணே," என்று அப்பாவிடம் அனுதாபப்பட்டு, இரண்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

இரண்டாவது வந்தவன் என் வயதுக்காரன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். அவன் பேசிய இங்கிலீஷில் நான் கொஞ்சம் மயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். "சார், வீட்டை யாரும் வாங்குறதில்ல. ஃபீலிங்கைத்தான் வாங்குறாங்க," என்றான். வீடியோ எடுக்கத் தொடங்கினான். முன்சுவர் வந்ததும் நின்றான். வங்கி நோட்டீஸ் கண்ணை உறுத்தியது. உள்ளே போய் எங்கள் காலண்டரைக் கழற்றிவந்து அதன்மேல் மாட்டிவிட்டுப் படம் பிடித்தான். வீடியோவின் கீழே 'மலைக்கோட்டை வியூ' என்று போட்டிருந்தான். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி, இடது காலைத் தூக்கினால் மலையின் ஓரம் தெரியும். வங்கியைப் பற்றிக் கேட்டதற்கு, "அது லீகல் டீம் பாத்துக்கும் சார்," என்றான். அந்த டீம் எங்கே இருக்கிறது என்றேன். "ஃபார்ம் பண்ணிட்டு இருக்கோம்," என்றான்.

மூன்றாவது ஆள் அப்பாவின் தேர்வு. அய்யலூர்ச் சந்தையில் ஆட்டுத் தரகு, மற்ற நாளில் நிலத் தரகு. வீட்டுக்குள் வந்ததும் சுவரை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார், விலா எலும்பு தட்டுப்படுகிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு அப்பாவின் கைமேல் தன் துண்டைப் போட்டு மூடினார். துண்டுக்குள் இருவரும் விரல் பிடித்து விலை பேசினார்கள். அப்பா தலையை ஆட்டினார். அவர் ஆட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எம்புட்டு சொன்னாரு?" என்றேன்.

"அது ஒனக்குச் சொல்லக் கூடாதுலே," என்றார் அப்பா.

"நான்தானப்பா தரகரைத் தேர்ந்தெடுக்கிறேன்."

"தேர்ந்தெடு. யாரு வேணாம்னது?"

மூன்று பேருக்கும் என் நோட்டில் விழுந்த மதிப்பெண்களைக் கூட்டினாலும் ஒரு பாடத்தில் தேற முடியாது. ஆனாலும் வேறு வழியில்லாமல் மூவரிடமும் சொல்லிவைத்தேன். வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள். குளியலறைக் குழாயைத் திறந்து மூடினார்கள். வாஸ்து பார்த்தார்கள். எங்கள் வீட்டு மிக்சரைத் தின்றார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. கடைசியாக வந்த பெண்மணி ஒருவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே உண்மையைச் சொன்னார்.

"இது ஏலத்துக்கு வருதாமுல்ல? அப்ப இன்னுங் கொறச்சு எடுக்கலாம், செத்த பொறுங்கன்னு கூட்டியாந்தவரே சொன்னாரு. வெள்ளை வேட்டி கட்டியிருப்பாருல்ல, அவரு."

நான் மற்ற இருவரையும் போனில் பிடித்து நெருக்கினேன். அவர்களும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டை விற்கவில்லை, எங்கள் நெருக்கடியை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அத்தை போனில் வேறு கேள்வி கேட்டார். "அப்பு, ஒருத்தன் வந்து என் கெணத்தப் படம் புடிச்சுட்டுப் போறானே, எதுக்கு?"

படம் பிடித்தவன் யாரென்று விசாரித்தால் தெரிந்த ஆள்தான். எங்கள் சுவரில் நோட்டீஸ் ஒட்ட வந்தவர்களோடு வந்து, வீட்டை நாலு பக்கமும் போனில் படம் எடுத்தவர். வங்கி ஏலம் விடும் வீடுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது தொழில். அன்றைக்குத் தெருவே அவரைக் கழுகு என்று திட்டியது. அப்பா செருப்பைக் கழற்றினார். என் வாயிலும் அவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

மறுநாள் பள்ளி விட்டதும் கழுகைத் தேடிப் போனேன். வங்கிக்கு எதிர்க் கடையில், காலுக்கு இடையில் ரெக்சின் பையை வைத்துக்கொண்டு வடை தின்றுகொண்டிருந்தார். நான் நோட்டைத் திறந்து முதல் கேள்வியை வாசித்தேன்.

"என்னது இது, வாத்தியாரா நீங்க?"

"ஆமா."

"பரிச்ச அப்புறம் எழுதுறேன். ஜாமீன் போட்டது ஒங்க அத்தை. சொந்தத் தோட்டம், கெணத்துல தண்ணி, மேல ஒரு கடனும் இல்ல. அதுனாலதேன் பேங்கு ஒங்ககிட்ட எறங்கி வர மாட்டேங்குது. அந்தம்மா பேர்ல ஒண்ணுமில்லாம இருந்தா என்னைக்கோ முடிச்சிருப்பாக."

"அதை எதுக்குப் படம் புடிச்சீங்க?"

"வீடு பத்தலைன்னா அடுத்தது அதுதான தம்பி? வடை சாப்பிடுறீகளா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் நோட்டை மூடினேன். ஆனால் மூடும்போதே தெரிந்துவிட்டது. மற்ற மூவரும் வங்கியைத் தெரியும் என்று சொன்னார்கள், இந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது. எந்த விலையைக் கொண்டுபோனால் வங்கி தலையாட்டும், எதற்குத் தூக்கி எறியும், எந்தத் தேதிக்குள் ஏலம் எல்லாம் அவர் வாயில் இருந்தது. கமிஷனை வீடு வாங்குகிறவரிடம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் அவரையே தேர்ந்தெடுத்தேன். மரியாதையால் இல்லை. வீட்டுக்குள் பாம்பு வந்து, தீயணைப்பு வண்டிக்குக் காத்திருக்க நேரமில்லாதபோது பாம்பு பிடிக்கிறவனைக் கூப்பிடுவோமே, அந்த மாதிரி.

அப்பா ஒரே நிபந்தனை போட்டார். "அவன் என் வாசப்படியை மிதிக்கக் கூடாது." ஆகவே பேச்சுவார்த்தை தெருமுனை டிரான்ஸ்பார்மரின் கீழ் நடந்தது. கழுகு அங்கே நிற்பார், அப்பா வாசலில் நிற்பார், நடுவில் நாற்பதடி தூரம் நான் நடப்பேன். பட்டப்படிப்பு படித்ததற்கு எனக்குக் கிடைத்த உத்தியோகம் அது. "இன்னும் ரெண்டு லட்சம் ஏத்தச் சொல்லு," என்பார் அப்பா. "ஏத்துனா எனக்கென்ன, பேங்குக்குத்தான போகப்போகுது, வாங்குறவரு ஓடிருவாருன்னு சொல்லுங்க," என்பார் கழுகு. இருவருக்கும் மற்றவர் குரல் நன்றாகக் கேட்கும்.

ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டிக்காரர் ஒருவரை அவர் கொண்டுவந்தார். "ஏனுங்க, தண்ணி நல்லா வருங்களா?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். கழுகு கொண்டுபோன விலைக்கு வங்கியும் சம்மதித்தது. ஒரு கெடு கொடுத்தது. கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது பத்திரப்பதிவு.

பதிவு அலுவலகத்து வேப்பமரத்தடியில் எங்களுக்கு முன்பாகவே மூன்று பேர் நின்றார்கள். வெள்ளை வேட்டி, டேப்லெட், சந்தைக்காரர். இந்த ஊரில் கிரயம் நடந்தால் அந்த வீட்டு வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தவனெல்லாம் கமிஷனுக்கு வந்து நிற்பான்.

"நாந்தேன் மொதல்ல ஆளு கூட்டியாந்தேன்," என்றார் வெள்ளை வேட்டி.

"வீடியோ சார்ஜ் தனி," என்றான் டேப்லெட்.

சந்தைக்காரர் தோள் துண்டை எடுத்துக் கையில் மடித்துக்கொண்டார்.

மண்டிக்காரர் மிரண்டு பார்த்தார். கழுகு நிதானமாகக் கையை நீட்டி, உள்ளே நுழைந்துகொண்டிருந்த வங்கி அலுவலரைக் காட்டினார். "துட்டு பூராம் அந்தா போறாருல, அவருகிட்டப் போகுது. இவுகளுக்கு டவுன் பஸ்ஸுக்குக் கூட மிஞ்சல. அவருகிட்டப் போயிக் கேளுங்கப்பா, நம்ம ஆளுதான?" மூவரும் அலுவலரைப் பார்த்தார்கள். செத்த நேரத்தில் மரத்தடியில் யாரும் இல்லை.

உள்ளே பெஞ்சில் அலுவலர் கணக்குத் தீர்ந்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அப்பா அதை வாங்கி மடிக்கப் போனார். நான் பிடுங்கி வாசித்தேன். கடன் வாங்கியவர் பெயர் இருந்தது. வீட்டின் விவரம் இருந்தது. இனி அவரிடம் பாக்கி கோர மாட்டோம் என்று இருந்தது. இரண்டு முறை வாசித்தேன். ஜாமீன் என்ற வார்த்தையே எங்கும் இல்லை. அத்தையின் பெயர் இல்லை.

"அத்தை பேரு எங்க?" என்றேன்.

"அதெல்லாம் இதுலயே அடங்கிரும் தம்பி," என்றார் கழுகு. "டோக்கன் கூப்பிடுறாக."

"அடங்கும்னா எழுதச் சொல்லுங்க."

"கையெழுத்தப் போட்டுத் தொலைவோம்லே," என்றார் அப்பா, நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "வாங்குறவரு போயிட்டா நாளைக்கு எவன் வருவான்?"

"எழுதாம நீங்க கையெழுத்துப் போடக் கூடாதுப்பா." எங்கள் எண்ணை இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். மண்டிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கழுகு அலுவலரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அலுவலர் அலுத்துக்கொண்டே அதே கோப்பைத் திறந்து, இன்னொரு காகிதத்தை எடுத்தார். அதே தேதி, அதே முத்திரை, அதே கையெழுத்து. கீழே ஒரு வரி மட்டும் கூடுதல். ஜாமீன்தாரர் இன்னார், அவரும் விடுவிக்கப்படுகிறார்.

இரண்டு கடிதம் தயாராகவே இருந்தது. கேட்காதவனுக்கு ஒன்று, கேட்டவனுக்கு ஒன்று.

"தெரிஞ்சும் சொல்லலையே நீங்க," என்றேன்.

"நீங்க கேக்கல," என்றார் கழுகு. அவர் குரலில் வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை.

அப்பா சிரித்துவிட்டார். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. "சந்தையிலயும் நொண்டி ஆட்டத்தாம்லே மொதல்ல காட்டுவான்," என்று சொல்லிக்கொண்டே எழுந்துபோய்க் கையெழுத்துப் போட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடு விற்கிறவனாவது ஆட்டை நம் கண்ணெதிரே கட்டிவைக்கிறான்.

அன்று மாலையே பஸ் பிடித்துக் கன்னிவாடி போனேன். அத்தை பந்தலின் கீழ் அவரை பறித்துக்கொண்டிருந்தார். அந்த வரியை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். மூன்றாம் முறை தன் பெயர் வரும்போது "ம்" கொட்டினார். கடிதத்தை வாங்கி ரேஷன் கார்டு வைத்திருந்த கவருக்குள் போட்டார்.

"இத வாங்கித் தந்தது யாரு? கெணத்தப் படம் புடிச்சவனா?"

"அந்த ஆளுதான் அத்தை."

"அந்தப் படம் இன்னும் அவன்கிட்டத்தான இருக்கு? அழிக்கச் சொல்லு."

அங்கேயே நின்று போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அப்பவே அழிச்சுட்டேன் தம்பி," என்றார் கழுகு. "தெரிஞ்சவுக யாருக்காச்சும் இப்பிடி நெருக்கடின்னா நம்ம நம்பரக் குடுங்க."

போனை வைத்தேன். அத்தை கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"பொய் சொல்றான்," என்றார்.

"ஆமா அத்தை," என்றேன்.